மூன்றாவது பூட்ஸ்

தமிழ் சினிமாவின் வரலாற்றையே தன் படம் இரண்டாகப் பிரிக்கும் என்று மாலை போட்ட கேமராவின் முன் நின்று இயக்குநர் பிரேம்நாத் அறிவித்தார். பக்கத்து ஷூ கம்பெனியில் சாப்பாட்டுச் சைரன் ஊதியதும், கைதட்ட வந்த ஆம்பூர்க்காரர்கள் கலைந்துவிட்டார்கள்.

படத்துக்கு மூலமான நாவலில் அசுரனுக்கு மூன்று கால்கள். நடிகருக்கு இரண்டுதான். மூன்றாவது கால் கிராஃபிக்ஸில் வரும். போஸ்டருக்காக அதன் பூட்ஸை மட்டும் நிஜமாகவே தைத்துத் தந்தார், ஷூ கம்பெனியில் இருபது வருடம் தரம் பார்க்கும் செக்கராக இருந்த கிறிஸ்டினா. இடமும் இல்லாத, வலமும் இல்லாத ஒற்றை பூட்ஸ். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கிறிஸ்டினாவே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அதன் அடி தேய்ந்திருந்தது.

"இன்னாம்மா, பழசைத் தலையில கட்டறியா? நாளைக்கும் இப்படி இருந்தா வேற ஆள் பார்த்துக்குவேன்" என்றார் இயக்குநர்.

கிறிஸ்டினா உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்.

"தோல் மடிஞ்சி சுருக்கம் வுழுந்திருக்கு சார். யாரோ நல்லா நடந்திருக்காங்க. முன்னாடி டைட் ஜாஸ்தி, பாவம்."

"யாருக்கு?"

"அதான் சார் தெரியல."

முன்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, சீக்கிரம் தேயாத ரப்பர் அடி ஒட்டி, மறுபடியும் பூட்டினார்.

மறுநாள் அடி புத்தம் புதிதாக இருந்தது. கிறிஸ்டினாவின் வேலை தப்பியது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் இயக்குநர் பூட்ஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். உள்ளிருந்து ஒரு சாக்ஸ் அவர் தோளில் விழுந்தது. அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அதன் நுனியில், நட்டநடுவில், பெருவிரல் அளவுக்கு ஓட்டை.