உன் படத்துல எப்படி முடிஞ்சுது?

பார்ப்பவரின் மனசுக்குள் கிடக்கும் ஆசையை மோப்பம் பிடித்து ஆளுக்கொரு கதையாகப் படம் ஓட ஆரம்பித்த பிறகு, ‘உன் படத்துல எப்படி முடிஞ்சுது?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகிவிட்டது. சம்பளத்தைக் கேட்பதைவிட மோசம்.

கல்லூரி இதழில் சினிமா பற்றி எழுதும் நறுமுகைக்கோ அந்தக் கேள்விதான் எப்போதும் நாக்கு நுனியில் நிற்கும். ‘வீடியோ கேமில் வேஷம் போடலாம், சீரியலில் ஊரோடு சேர்ந்து அழலாம், படம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்’ என்பது அவள் கட்சி. விடுதியில் பதினோரு பேரிடம் கேட்டுத் திட்டும் வாங்கியிருந்தாள். விடுமுறைக்கு மதுரைக்கு வந்தவள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடமும் கேட்டுவிட்டாள். அம்மா நேற்றுதான் பெண் கேப்டன் ஒருத்தியின் கப்பல் படத்தைப் பார்த்திருந்தாள்.

“அவ கப்பல்லயே உலகத்தைச் சுத்துறாடி. கடைசி வரைக்கும் கரைக்கே வரலை!” அம்மாவின் முகம் பூரித்துப்போயிருந்தது.

அதே படத்தை நறுமுகை பார்த்தபோது, கேப்டன் மகளுக்காகக் கடலையே விட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தாள்.

“அப்ப அந்தப் பொண்ணை யாரும்மா வளர்த்தாங்க?”

“எந்தப் பொண்ணு? அவளுக்குத்தான் கல்யாணமே ஆகலையே.”

நறுமுகை கையிலிருந்த குறிப்பேட்டை மூடிவைத்தாள். அம்மாவின் கத்தி சட்டென்று நின்றது.

“ஆனா ஒண்ணுதான்டி எனக்கு வெளங்கலை. தனியாத்தான் சாப்பிடுறா. தெனமும் எதுக்கு ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறா?”