எஃப்.சி.க்கு நின்ற வீடு

கோகிலவாணி மேடம் எங்கள் முன்கதவில் இருந்த கழுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரட்டைக் கதவு. இரண்டு பாதியையும் சேர்த்துப் பெயிண்டில் வரைந்த ஒரே கழுகு. கழுகின் வாயில் பாம்பு. பாம்பின் வாயில் எலுமிச்சம்பழம்.

பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிடும் குழுவிலிருந்து வந்தவர் அவர். அஸ்தம்பட்டியில் 1913-இல் கட்டிய எங்கள் வீட்டில் பழமை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை.

அந்தப் பழமையைத்தான் அப்பா போன வாரம் ஒழித்துக்கட்டியிருந்தார்.

அப்பாவுக்கு மூன்று லாரி. வண்டியை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி, ஓடத் தகுதி உண்டு என்று எஃப்.சி. வாங்க வேண்டுமென்றால் லாரிக்காரர்கள் முதலில் செய்வது பெயிண்ட் அடிப்பது. ஒரு மேடம் வந்து வீட்டைச் சோதிக்கப் போகிறார் என்றதும் அப்பாவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

சங்ககிரியிலிருந்து லாரி பெயிண்டர் ஜீவா அண்ணன் வந்தார். தேக்குத் தூண்களுக்குப் பச்சை, அதன்மேல் மஞ்சளில் தாமரை. சுண்ணாம்புச் சுவருக்கு எனாமல். செங்காவித் தரையை மூடி வெள்ளை டைல்ஸ். பழையதைப் பழையதாகக் காட்டினால்தான் மார்க் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சேற்றோடு வண்டியைக் கொண்டுபோய் எவனாவது எஃப்.சி.க்கு நிறுத்துவானா என்று அப்பா கேட்டார். காலேஜில் இதற்கு எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

ஜீவா அண்ணன் பழக்கத்தில் பின்சுவரில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதப் போனபோது மட்டும் அப்பா தடுத்தார். பின்பக்கத்தில் பிரஷ் படக் கூடாது என்பது உத்தரவு.

விஷயம் இதுதான். சாலையை அகலப்படுத்த முன்பக்கம் பதினாறு அடி கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது. போர்டிகோ, முன்வாசல், கதவு எல்லாம் அதில் போய்விடும். பட்டியலில் ஏறினால் தப்பும்.

அளக்க வந்தவர் நல்ல மனிதர். பின்னால்தான் சந்தும் ஒரு கதவும் இருக்கிறதே, இனிமேல் அந்த வழியாகப் புழங்கிக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொன்னார்.

காபியைப் பாதியில் வைத்துவிட்டு அப்பா எழுந்து போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அன்றைக்கே விண்ணப்பம் எழுதச் சொன்னார்.

மேடம் உள்ளே வந்து ஒரு தூணைத் தட்டினார். விரலில் பச்சை ஒட்டியது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பழைய ஊடுன்னு நெனைச்சுறாதீங்க மேடம். எல்லாமே புதுசுங்க.”

மேடம் படிவத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். சுவருக்கு ஒன்று. தரைக்கு ஒன்று. அப்பா எட்டிப் பார்த்தார். அவர் முகம் டைல்ஸ் நிறத்துக்கு வந்தது.

இந்த வீட்டில் எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார் மேடம். நாலு தலைமுறையாக இந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறோம் என்றார் அப்பா. மேடம் ‘நான்கு தலைமுறை’ என்று எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒரே ஒரு கட்டம் மிச்சமிருந்தது. மாற்றம் செய்யப்படாத பகுதி ஏதேனும் உண்டா?

நான் பின்பக்கம் கூட்டிப்போனேன். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிய அப்பா இப்போது பின்னால் வந்தார்.

மாட்டுக் கொட்டகை இருந்த மூலையில் அந்தக் கதவு. நெஞ்சுயரம்தான் இருக்கும். குனியாமல் யாரும் நுழைய முடியாது. சுற்றிலும் அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு. இரும்பு நாதாங்கி. நடுவில் குழி விழுந்த படிக்கல்.

மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கீலைத் தடவினார். நூறு வருடத்தில் ஓர் ஆணிகூட மாறவில்லை, வீட்டைப் பட்டியலில் ஏற்ற இது ஒன்றே போதும் என்றார். டிக் போட்டார். கையெழுத்தும் போட்டார்.

எஃப்.சி. கிடைத்துவிட்டது. முன்வாசல் தப்பியது.

அவருடைய கார் பின்சந்தில்தான் நின்றது. இப்படியே போய்விடுகிறேனே என்று மேடம் ஆசையாக நாதாங்கியில் கை வைத்தார்.

அப்பா குறுக்கே வந்து நின்றார்.

“இதுல வேண்டாங்க மேடம். எங்க தாத்தா இங்க சாணி அள்ளுனவருங்க. அப்புறம் எங்கப்பா. பத்து வயசு வரைக்கும் நானும் புல்லுக்கட்டோட இதுலதான் குனிஞ்சு வந்தேன். முன்வாசல்ல நாங்க வரப்படாது. ஊட்ட வாங்குன அன்னிக்குப் பூட்டுனதுங்க, மறக்கக் கூடாதுன்னு அப்படியே வெச்சிருக்கறன்.”

மேடம் கையை எடுத்தார். அந்தப் படிக்கல்லின் குழியைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் புரட்டி ‘நான்கு தலைமுறை’ என்று எழுதிய இடத்துக்குப் போனார். அதை அடிக்கவில்லை.

வீட்டின் முழு நீளத்தையும் திரும்ப நடந்தோம். டைல்ஸ் வழுக்கியது. அப்பா எங்களுக்கு முன்னால் போனார்.

ஒருவர் வெளியே போக ஒரு பாதிக் கதவு போதும். அப்பா இரண்டையும் திறந்தார்.

கழுகு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.