எல்லா அறைக்கும் ஒரு பெல்

பிளம்பர் சுவரில் துளை போட்ட அதே நொடியில் வீடு முழுக்க மின்சாரம் போயிற்று.

மணி நான்கு.

சமையலறையில் நின்றிருந்த வீட்டுக்காரம்மா கூடத்துக்கு ஓடிவந்தாள். ஐந்து மணிக்கு மகனும் மருமகளும் வருகிறார்கள். மூன்று வருடம் கழித்து, முதல் தடவையாக.

"யோவ், காலையில நான் புதைச்ச வயருய்யா அது" என்று எலக்ட்ரீஷியன் ஏணி மேலிருந்து சத்தம் போட்டார்.

பிளம்பர் அசரவில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தனக்கென்ன ஜோசியமா தெரியும் என்று கேட்டுவிட்டு, டிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் முந்தாநாளே வந்திருக்க வேண்டியவர். பெயிண்டர் நாளைக்கு வரவேண்டியவர். சொன்ன நாளில் வந்தவர் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான். அந்தப் பாவத்துக்கு மற்ற இருவரிடமும் மாட்டிக்கொண்டு முழித்தார். பெயிண்டர் பூசி முடித்த சுவரை அவர் உளியால் வெட்டினார். அவர் வெட்டி முடித்த இடத்தில் பிளம்பர் தண்ணீரைப் பீய்ச்சினார். வீட்டுக்காரர் ஆணி, டேப், மறுபடியும் ஆணி என்று ஐந்தாவது தடவையாகக் கடைக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் நிற்பதைவிட அது அவருக்கு எவ்வளவோ மேல்.

குழாயும் பெயிண்டும் நாளைக்கு ஆனாலும் அவளுக்குக் கவலையில்லை. புது காலிங் பெல் மட்டும் ஐந்து மணிக்குள் வேலை செய்தாக வேண்டும்.

கூடம், சமையலறை, படுக்கையறை, மாடி அறை, கடைசியில் குளியலறை வரைக்கும் அதற்கு வயர் இழுக்கச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று காலையில் எலக்ட்ரீஷியன் அவளோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போனார்.

"இத்தனை வயர் இழுத்தா, இங்க பெல் அடிச்சதும் அடுத்த தெருவுல கதவைத் திறப்பாங்கம்மா" என்றார் பெயிண்டர்.

அவள் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்று மகன் போனில் சொல்லியிருந்தான். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். அந்த மரியாதைதான் அவளைக் குத்தியது.

குத்தட்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள் அவள்தானே. அந்தப் பெண்ணை அவன் முதன்முதலில் கூட்டிவந்து நிறுத்தியபோது, "இவளை வச்சுக்கிட்டு எப்படிடா குப்பை கொட்டப் போற" என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு மூன்று வருடமாக இவளைத் தூங்கவிடவில்லை.

எலக்ட்ரீஷியன் சுவரை மறுபடி உடைக்க ஆரம்பித்தார். பிளம்பர் என்ன நினைத்தாரோ, டார்ச்சை எடுத்துவந்து வெளிச்சம் காட்டினார். பெயிண்டர் ஒரு மூலையில் சிமெண்ட் குழைத்தார். காலையிலிருந்து எலியும் பூனையுமாக இருந்த மூன்று பேரும் ஒரே ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. துடைப்பத்தை எடுத்தாள்.

ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மின்சாரம் வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெல்லை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் எழுந்தார். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

இருவரும் இறங்கி வந்து கம்பிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். மகன் தயங்கினான். மருமகளின் விரல் அவனை முந்திக்கொண்டு பெல்லை அழுத்தியது.

சத்தமே வரவில்லை.

கூடத்து விளக்கு மூன்று முறை அணைந்து அணைந்து எரிந்தது. அதே நேரத்தில் உள்ளே சமையலறையிலும், மாடிப்படிக்கு மேலேயும் விளக்குகள் அணைந்து எரிந்தன.

மருமகள் கம்பிகளுக்கு இடையில் முகத்தை வைத்துப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி எல்லா விளக்கும் கண் சிமிட்டின.

பிறந்ததிலிருந்து அவள் எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை.

போன மாதம் மாமியார் இரண்டு காதிலும் பஞ்சை இறுக்கி அடைத்து, மேலே துணியைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டில் தனியாக இருந்து பார்த்தாள். கூரியர்காரர் வந்து பெல் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது சாயங்காலம்தான் தெரிந்தது. மறுநாளே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு இந்த விளக்கு எதற்கு? வீட்டுக்குள் குடியிருப்பவளுக்குத்தான் அது வேண்டும். மகனுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. மருமகளுக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பி, விரல்களை வேகவேகமாக அசைத்து என்னவோ சொன்னாள்.

அவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"எங்க ரூம் எதுன்னு கேக்கறாம்மா."

மாடி அறைதான். ஆனால் பெயிண்ட் அடிப்பதற்காக ஒதுக்கிய வீட்டுச் சாமான் மொத்தமும் அதற்குள்தான் கூரையை முட்டிக்கொண்டு கிடந்தது. கட்டில் எந்த மூலையில் இருக்கிறதென்று கட்டிலுக்கே தெரியாது.

சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்ற மூவரையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பிளம்பர்தான் முதலில் மாடிப்படி ஏறினார்.