நாலாவது திருத்தம்

நாலாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது அந்த ஆய்வேடு.

குமாஸ்தாவுக்கு மண்டை குடைந்தது. விளையாட்டுச் சட்டத் துறையில் பதினெட்டு வருஷமாக ஃபைல் தூக்குகிறவர். இப்படி ஒரு கூத்தை அவர் பார்த்ததே இல்லை. அதுவும் பேராசிரியர் மேடம் கையால்! பரீட்சையில் வெற்றுத்தாள் கொடுத்தவனைக்கூடக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேற்றிவிடுகிற மனுஷி.

எதிர் பெஞ்சில் முழங்காலில் பட்டையோடு உட்கார்ந்திருந்தான் பூட்டு. ஆய்வேட்டுக்குச் சொந்தக்காரன், பல்கலைக்கழக அணியின் கோல்கீப்பர். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் வந்த பெயர் அது. மூன்று மாதம் முன்னால் ஒரு பந்தைத் தடுக்கப் பாய்ந்ததில் மூட்டுச் சவ்வு கிழிந்துவிட்டது. இந்த மாதமாவது பட்டம் கைக்கு வந்தால் போதும், அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டார் என்று புலம்பிவிட்டு நொண்டிக்கொண்டே போனான்.

குமாஸ்தா ஆய்வேட்டைப் புரட்டினார். இருநூறு பக்கத்துக்கும் ஒரே ஒரு சிவப்பு வட்டம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு கமா இல்லையாம். போன தடவை முற்றுப்புள்ளி.

இதற்கா ஒரு பையனை இப்படி அலைக்கழிப்பது? மைதானத்தில் கால் வைக்காமலே விளையாட்டைப் பேசிப் பெரிய ஆளானவர்தானே மேடம், விளையாடுகிறவனைக் கண்டால் ஆகவில்லை போலிருக்கிறது. ஆனாலும் காரணம் தெரியாமல் குமாஸ்தாவுக்குத் தூக்கம் வராது.

மத்தியான டீயோடு உள்ளே போனவர், மென்று முழுங்கிக் கேட்டேவிட்டார்.

"மேடம், அந்தக் கமாவை நானே போட்டுத் தந்துடவா? பையன் பாவம்."

மேடம் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அலமாரியிலிருந்து பல்கலைக்கழக விளையாட்டு விதிகள் புத்தகத்தை எடுத்து, பதினாலாவது விதியைப் பிரித்து நீட்டினார்.

'களத்தில் காயமடைந்தவரின் பெயர் மாணவர் பதிவேட்டில் இருக்கும்வரை மட்டுமே, அவரது சிகிச்சை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.'

"அவனுக்கு ஆபரேஷன் அடுத்த மாசம் இருபதாம் தேதி. நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவன் மாணவன் இல்ல."

குமாஸ்தாவின் முகம் சுருங்கிப்போனது. இதை அவனிடமே சொல்லியிருக்கலாமே என்றார். சொன்னால் அவன் வாயில் நிற்காது, சாயங்காலத்துக்குள் நிர்வாகம்வரை போய்விடும் என்றார் மேடம். விதியை மாற்றச் சொல்லி மூன்று மனு கொடுத்தாயிற்றாம். பதிலே இல்லையாம்.

குமாஸ்தாவுக்கு ஆற்றாமையாக வந்தது. "ஈவு இரக்கமில்லாம இப்படி ஒரு விதியை எந்த மகானுபாவன் மேடம் எழுதினான்?"

மேடம் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார்.

"நான்தான். நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின வருஷம். இதை எழுதிக் கொடுத்ததுக்குத்தான் எனக்கு இந்த நாற்காலியே கிடைச்சுது."