கோலுக்குப் பின்னால்

“ஏட்டி சொர்ணம்! உனக்கெதுக்குட்டி ஹாக்கி? வீட்டுக்குப் போயித் தொட்டிலை ஆட்டு!”

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த கேலரியிலிருந்து கத்தியவன் வேறு யாருமல்ல, சொர்ணத்தாயின் கணவன் கருத்தையா. மணியாச்சியில் ரயில்வே டிராக்மேன். ட்யூட்டி முடிந்து ரயிலை விட்டு இறங்கியதும் நேரே மைதானத்துக்கு வந்துவிடுவான். வந்து, பயிற்சியில் நிற்கும் மனைவியைக் கேலி பேசுவான்.

ஒரு மாதமாக இதுதான் நடக்கிறது.

கோவில்பட்டியில் ஹாக்கி தெரியாத ஒருவரைப் பார்த்தால், அவர் கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரராக இருக்கும். ஆகவே, அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிபுணர்கள். அத்தனை பேருக்கும் கோபம்.

எல்லாரையும்விட அதிகமாகக் கோபப்பட்டவர் தங்கப்பாண்டியன் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆலை முதலாளி. பெண்கள் அணிக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்தவர். ஜெர்சியின் முதுகில் அவருடைய தீப்பெட்டியின் பெயர் இருக்கும். அதை வாசிக்க வசதியாக, எப்போதும் கோலுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில்தான் உட்காருவார்.

“அந்தப் புள்ள போன வருசமே பேறுகாலம் முடிஞ்ச கையோட உடம்பைத் தேத்தி, மறுபடி மட்டையைத் தொட்டவ. தட்டிக் குடுக்க வேண்டிய புருசனே இப்படிக் காலை வாருதானே!” என்றார் அண்ணாச்சி, கடலையைத் தோல் ஊதித் தின்றபடி.

பயிற்சியாளர் சுகுணாவுக்கும் பொறுக்கவில்லை.

“சொர்ணம், உன் வீட்டுக்காரரை வெளிய அனுப்பிரட்டுமா?”

“இருக்கட்டும் மேடம்.”

அந்த ‘இருக்கட்டும்’ கேலரி முழுக்கப் பரவியது. எவ்வளவு பொறுமை என்று வியந்தார்கள். பொறுமையைப் பாராட்டுவதில் நமக்கு ஒரு தனி ருசி, அது அடுத்த வீட்டுப் பெண்ணுடையதாக இருந்துவிட்டால்.

நாளை பைனல். எதிரணி விளாத்திகுளம். போன வருஷமும் இதே விளாத்திகுளம்தான். ஆட்டம் சமனாகி, ஷூட் அவுட் வரைக்கும் போனது. எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு தனியே ஓடி வருவாள், கோல்கீப்பர் தனியே தடுக்கவேண்டும். கடைசிப் பந்து சொர்ணத்தாயின் கால்களுக்கு நடுவே, அவசரமே இல்லாமல், உருண்டு போனது. கோப்பையும் போனது. அவளுக்குப் பதிலாகக் கோலில் நிற்க ப்ரியதர்ஷினி என்ற கல்லூரிப் பெண் வந்தாள்.

அன்றிலிருந்து சொர்ணத்தாய்க்கு அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவிலுள்ள இடத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. விடியுமுன் காலில் கோல்கீப்பரின் தடித்த பேடைக் கட்டிக்கொண்டு கரிசல்காட்டு வண்டிப்பாதையில் ஓடுவாள். மாடியில் மிளகாய் வத்தல் காயப்போடும்போதுகூடக் குனிந்தபடியே பக்கவாட்டில்தான் நகர்வாள்.

நாளைக்கு அவளா, ப்ரியதர்ஷினியா? சுகுணா இன்று முடிவு சொல்லவேண்டும்.

“வாங்கட்டி, ஷூட் அவுட்!” என்று விசில் ஊதினாள் சுகுணா.

முதலாமவள் பந்தோடு பாய்ந்து வந்தாள்.

“ஏ! பந்து உள்ள போயிட்டு பாரு! குனிஞ்சு தேடு!” என்று கத்தினான் கருத்தையா.

போன மாதம் இதைக் கேட்டதும் சொர்ணத்தாயின் தோள் ஒரு நொடி குலுங்கும். இன்று குலுங்கவில்லை. விழுந்து, பேடால் பந்தைத் தள்ளி, எழுந்து நின்றாள். அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவளும் வந்தாள். ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை.

கருத்தையாவின் இரண்டு கைகளும் தாமாக மேலே எழுந்தன. பாதியில் நின்றன. அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டு, “குருட்டு அதிர்ஷ்டம்ட்டி!” என்றான். 

“பாத்தியளா, வயிறு எரியுதான்” என்றார் அண்ணாச்சி.

“நாளைக்கு நீதான் நிக்கணும், சொர்ணம்” என்றாள் சுகுணா.

அண்ணாச்சிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்துபோய்க் கருத்தையாவின் முன்னால் நின்றார்.

“ஏலே, நீ மனுசன்தானா? கட்டினவளைப் பாத்துத் தொட்டிலை ஆட்டப் போன்னு சொல்லுதியே, எவன்லே உனக்கு இந்தப் பேச்சைக் கத்துக் குடுத்தான்?”

கருத்தையா தலையைச் சொறிந்தான். “அவதான் அண்ணாச்சி.”

“யாரு?”

“சொர்ணம்தான். போன வருசம் பைனலன்னைக்கு எனக்கு ட்யூட்டி, நான் வரல. கோலுக்குப் பின்னால இருந்து யாரோ இப்படிக் கத்தினதுல இவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடலையாம். அதையே தெனமும் கேட்டாத்தான் மனசு மரத்துப் போவும்னு, ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்து என்னையக் கத்தச் சொல்லுதா. இவ ஆட்டத்தைப் பாத்துத்தான் அண்ணாச்சி நான் பொண்ணே கேட்டேன். ஒரே ஒரு தடவை கைதட்ட விடுட்டின்னா, ஜெயிச்ச பொறவு தட்டுங்கன்னுட்டா.”

அண்ணாச்சியின் வாய்க்குப் போன கடலை வழியில் நின்றது.

“யாரு… கத்தினதாம்?” அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது.

“மொகம் பாக்கலையாம். கோல்கீப்பர் பின்னால திரும்ப முடியாதுல்லா.”

சொர்ணத்தாய் ஹெல்மெட்டைக் கழற்றியபடி கேலரிப் பக்கம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை. அண்ணாச்சியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

“இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருக்கு அண்ணாச்சி. இந்தத் தடவை நீங்களே கத்துங்களேன். எவ்வளவு சொல்லிக் குடுத்தும் இவியளுக்கு உங்க குரல் வர மாட்டேங்கு.”