கரிம வேதியியலில் நாற்பத்தொன்று

எம்.எஸ்ஸி. வகுப்பில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. மேசைமேல் இரண்டு விண்ணப்பங்கள். மின்விசிறி நின்றுபோனதால் காரைக்குடியின் ஜூன் மாத வெயில் மொத்தமும் இந்த வேதியியல் துறை அறைக்குள்தான் குடியிருக்கிறது. பக்கத்துக் கல்லல் ஊர் முத்தழகு நுழைவுத்தேர்வில் முதலாவது. இதே கல்லூரியில் படித்த பட்டத்தில் மட்டும் ஐம்பத்தெட்டு சதவீதம். வெளியூரில் படித்த ரீனாவுக்குப் பட்டத்தில் எண்பத்துநாலு, நுழைவுத்தேர்வில் சுமார். "மூணு வருசப் படிப்பு பெருசா, மூணு மணி நேரப் பரீட்சை பெருசான்னு இருபது வருசமா நீங்கதான சார் கேட்டுக்கிட்டு இருக்கீக? ரீனான்னு எழுதிரவா?" என்கிறார் துறைத்தலைவர் சந்திரலேகா. பேராசிரியர் தைரியநாதன் முத்தழகின் மதிப்பெண் பட்டியலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்துகிறார். கரிம வேதியியல், நாற்பத்தொன்று. அந்தத் தாளைத் திருத்தியவர் அவர்தான். அவருடைய சிவப்புப் பேனாவிலிருந்து ஒரு மதிப்பெண் உதிர்வதற்குள் செட்டிநாட்டில் மூன்று மழை பெய்து ஓய்ந்துவிடும். அதில் அவருக்குப் பெருமை வேறு. வராந்தா பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். முத்தழகு செருப்பு நுனியால் தரையைத் தேய்க்கும் சத்தம் மட்டும் உள்ளே வருகிறது. தைரியநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். "முத்தழகுன்னு எழுதுங்க மேடம்." "அப்ப ரீனாவோட எண்பத்துநாலு?" "அதைப் போட்டவுக எப்படிப் போட்டாகன்னு எனக்குத் தெரியாது. இந்த நாப்பத்தொண்ணு எப்படி வந்துச்சுன்னு தெரியும்."