மாமா வாந்தி எடுத்த நாள்

பெரியவரின் வாய் நிறைய வாந்தி. உதட்டோரம் வழிந்து காதுமடலில் தேங்கி நின்றது. இளம் டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் தாடையைத் தூக்கினாள்.

"ஆளு நீலம் பாரிச்சுட்டாரும்மா. சீக்கிரம் ட்யூப் போடு" என்றார் தலைமை டாக்டர், நாற்காலியை விட்டு அசையாமல்.

ஏன் அசைய வேண்டும்? பெரியவர் ரப்பர். இடுப்புக்குக் கீழே ஆளே கிடையாது. பயிற்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'மாமா'.

அவளுக்குத்தான் இது வாழ்வா சாவா. முதல் தேர்வில் தொண்டைக்குள் விடும் கேமராவின் கண்ணில் வாந்தி அப்பித் தோற்றாள். அடுத்ததில் ட்யூப் மூச்சுக்குழாய்க்குப் பதில் உணவுக்குழாய்க்குள் போய், மாமாவின் வயிறு பலூனாய் உப்பியது. இன்றும் கோட்டைவிட்டால் மயக்க மருந்துத் துறைக்கே கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

மாமாவின் வாந்தி தலைமை டாக்டரின் சொந்தத் தயாரிப்பு முறை. ஓட்ஸ், வினிகர், தக்காளிச் சாறு. லேப் அக்கா கலந்து ஊற்ற வேண்டும். ஆனால் சரக்கில் அவருக்குத் திருப்தி வந்ததே இல்லை. எண்ணெய்க் கடையில் மாதிரி பார்ப்பவரைப் போல விரலில் தொட்டு நாக்கில் வைத்து, புளிப்பு பத்தாது என்பார். போன முறை, இதைக் குழந்தைக்கு ஊட்டலாம் என்று அந்த அம்மாளை எல்லோர் முன்பும் வாரிவிட்டார்.

இன்றைய சரக்கோ முதல் தரம். வாசல் வரை குடலைப் பிடுங்கியது. முதல் ஆளாகத் தேர்வுக்கு வரவேண்டிய டாக்டர், பயம் வந்தால் பசிக்கிற ரகம். கேன்டீனில் ஒரு கை பார்த்துவிட்டு, மாமா முகத்தில் ஒருமுறை விழித்துவிட்டு வருகிறேன் என்று தனியாக உள்ளே போனவர், உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கே ஓடிவிட்டார்.

அவள் ஓடவில்லை. உறிஞ்சுகுழாயை முன்னே விட்டாள். கொழகொழவென்று கட்டிகட்டியாய் ஏறியது. வழி தெளிந்த பிறகே கேமரா பிளேடை அதன் பின்னால் நுழைத்தாள். உறிஞ்சுகுழாயை வாயின் இடது ஓரத்தில் ஒதுக்கி அப்படியே இழுக்கவிட்டாள். ஏதோ மென்ற துணுக்கு ஒன்று கையுறையில் ஒட்டியது.

திரையில் குரல்நாண்கள் தெரிந்தன. ட்யூப் நடுவே வழுக்கிப் போனது. காற்றுப் பையை மாட்டி அமுக்கினாள். மாமாவின் மார்பு அழகாய் ஏறி இறங்கியது.

"பாஸ்ம்மா. நிஜ கேஸ்லகூட இப்படிப் பண்றவங்க கம்மி."

அவளுக்குக் கண் கலங்கியது. பாதி சந்தோஷம், பாதி நாற்றம்.

தலைமை டாக்டர் எழுந்து வந்தார். மாமாவின் கன்னத்தில் விரலால் வழித்து, நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுதான் பதம். அந்தம்மாவுக்கு இப்பதான் கைப்பக்குவம் வந்திருக்கு."

கதவு திறந்தது. லேப் அக்கா இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க சார், மிக்சி மக்கர் பண்ணிடுச்சு. இப்பதான் கலக்கி முடிச்சேன், மாமா வாயில ஊத்தவா?"